சைதாப்பேட்டைக் கதை – 17: வர மறுத்தவர்கள்

சென்ற இதழில் மர்மலாங் பாலம் எழுந்த கதையைப் பார்த்தோம். மாம்பலத்தை ஆங்கிலேயர் மர்மலாங் என்று எழுதிவைக்க, சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு அதுவே பெயராயிற்று. 1726இல் அதைக் கட்ட 30,000 வராகனைத் தம் கையிலிருந்து கொடுத்து, பராமரிப்புக்கென்று இன்னும் 1,500 வராகனை ஒதுக்கிவைத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். அந்தக் கதையில் ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. 1749இல் சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், கோட்டைச் சுவருக்குள் இருந்த வெள்ளையர் பட்டணத்தில் கத்தோலிக்கர் யாரும் குடியிருக்கக் கூடாது என்று கவுன்சில் முடிவெடுத்தது. உஸ்கானும் கத்தோலிக்கர்தான். ஊருக்குப் பாலமும் பரங்கிமலைக்குப் படிக்கட்டும் கட்டிக் கொடுத்த மனிதர், கோட்டைக்குள் தொடர்ந்து வசிக்கத் தனிச்சலுகை பெற வேண்டியிருந்தது.

துணியும் மிளகும் வாங்கி விற்க வந்த ஒரு கம்பெனிக்கு, யார் எந்தக் கோயிலில் முழந்தாளிடுகிறார்கள் என்பதில் என்ன கவலை? விடையைத் தேடி இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். அங்கே ரெக்யூசன்ட் என்று ஒரு சொல் இருந்தது. இன்று ஆங்கிலம் படித்தவர்களிலும் பலர் கேள்விப்பட்டிராத சொல். ‘மறுப்பவர்’ என்பதுதான் அதன் பொருள்; அரசாங்கத் திருச்சபையின் ஆராதனைக்கு வர மறுத்த கத்தோலிக்கரைத்தான் பெரும்பாலும் அப்படி அழைத்தார்கள். ஒரு வழக்கைத் தாம் விசாரிக்கப் போவதில்லை என்று நீதிபதி விலகிக்கொள்ளும்போது நாளிதழ்களில் ‘ரெக்யூஸ்’ என்று வருகிறதே, அதுவும் இதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தப் பெயர் சூட்டப்பட்டவருக்கு அபராதமும் சிறையும், சில வேளைகளில் மரணமும் காத்திருந்தன.

1559இல் முதலாம் எலிசபெத் அரசியின் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் தம் பேட்டையில் உள்ள அரசாங்கத் திருச்சபையின் ஆராதனைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் தடவைக்கு 12 பென்ஸ் அபராதம். அன்றைக்கு அது கைத்தொழில் செய்பவர் ஒருவரின் ஏறத்தாழ ஒரு நாள் கூலி. 1570இல் போப்பாண்டவர் எலிசபெத்தைச் சபைநீக்கம் செய்தார். அவருக்குக் குடிமக்கள் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றும் அறிவித்தார். அதற்குப் பிறகு கத்தோலிக்கராக இருப்பதும் ராஜதுரோகமும் அரசின் கண்ணில் ஒன்றுக்கொன்று வெகு அருகில் வந்துவிட்டன. 1581இல் அபராதம் மாதத்துக்கு 20 பவுனாக உயர்ந்தது. நிலபுலன் உள்ள குடும்பங்களையே சாய்த்துவிடக்கூடிய தொகை. 1593இல் வந்த சட்டம், இப்படி மறுத்தவர்கள் தங்கள் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் அனுமதியின்றிப் போகக் கூடாது என்றது. அபராதக் கணக்கை எழுதிவைக்கவே 1592 முதல் தனியாகப் பேரேடுகள் இருந்தன.

நம்பிக்கையை அளக்க அரசு எடுத்துக்கொண்ட அளவுகோலைக் கவனியுங்கள். சைவ சித்தாந்தம் பிற சமயங்களை வகைப்படுத்தும்போது புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நான்கு வட்டங்களாகப் போட்டு, கொள்கை எவ்வளவு தூரம் விலகுகிறது என்று பார்க்கும். எலிசபெத்தின் சட்டம் கொள்கைக்குள் நுழையவே இல்லை. ஞாயிறு காலையில் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாயா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. உட்கார்ந்தவர் மனத்துக்குள் ஜெபமாலை உருட்டினாலும் சட்டம் கண்டுகொள்ளாது. அதனால் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு ஏற்பாடு வழக்கமாயிற்று. கணவர் ஞாயிற்றுக்கிழமை போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார், மனைவி போகமாட்டார். திருமணமான பெண்ணின் பெயரில் சொத்து இல்லை என்பதால் அவரிடமிருந்து அபராதம் வசூலிப்பது எளிதல்ல. அந்த வீடுகளில் பழைய மதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும், தலைமறைவாக வந்த குருவுக்குச் சோறு போட்டு ஒளித்துவைத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. யார்க் நகரத்து இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்தரோ அப்படித்தான் பிடிபட்டார். வழக்கு நடந்தால் தம் பிள்ளைகளையே சாட்சிக்கூண்டில் ஏற்றுவார்கள் என்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அப்படி வாய் திறக்காதவர்களுக்கு அன்றைய சட்டம் வைத்திருந்த தண்டனை, மேலே பாரம் ஏற்றி நசுக்குவது. 1586 மார்ச் 25ஆம் தேதி அவரை அப்படிக் கொன்றார்கள். நான்கு நூற்றாண்டு கழித்துப் படிக்கும்போதும் இந்த இடத்தைத் தாண்டிப் போவது எனக்கு எளிதாக இல்லை.

ஆராதனைக்கு வராதவர்கள் என்று 1592இல் எடுத்த ஒரு பட்டியலில், ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் ஷேக்ஸ்பியர் என்ற பெயர் இருக்கிறது. நாடகாசிரியரின் தகப்பனார். கடன்காரர் பிடித்துக்கொடுத்துவிடுவார் என்ற பயத்தால் வரவில்லை என்று பக்கத்தில் குறித்திருக்கிறார்கள். உண்மையில் கடனா, மதமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்கத் திருச்சபையிலிருந்து விலகிய சீர்திருத்த சபையார், அதாவது பாப்டிஸ்டுகள், பிரெஸ்பிடீரியன்கள் போன்றோர், வேறு பெயர்களில் அழைக்கப்பட்டார்கள். 1689இல் வந்த சகிப்புச் சட்டம் அவர்களுக்குத் தனியே கூடி வழிபடும் உரிமையைக் கொடுத்தது. கத்தோலிக்கருக்குக் கொடுக்கவில்லை. கம்பெனி சென்னையில் வேரூன்றி வளர்ந்த காலம் முழுவதும் இங்கிலாந்தின் நிலை இதுதான்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம்.

1639இல் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டுக்கு அனுமதி வாங்கியபோது, தெற்கே மூன்று மைல் தூரத்தில் சாந்தோம் ஏற்கெனவே போர்ச்சுக்கீசியரின் செல்வாக்கான ஊர். 1606 முதல் அது மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் தலைமையிடம். இன்னும் உள்ளே, அடையாற்றங்கரையில், நம் சைதாப்பேட்டையை ஒட்டிய சின்னமலையில் 1551லேயே அவர்கள் ஆரோக்கிய மாதாவுக்குக் கோயில் எழுப்பியிருந்தார்கள். புதுக் கோட்டைக்கு ஆள் வேண்டும். துப்பாக்கி பிடிக்கவும், மொழிபெயர்க்கவும், கப்பலில் வேலை செய்யவும் தெரிந்த ஆட்கள் சாந்தோமில் இருந்தார்கள். அவர்கள் அனைவரும் கத்தோலிக்கர்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவைப் பிடித்தால் தூக்கில் போட்ட அதே தேசத்தார், இங்கே அவர்களுக்கென்று ஒரு குருவைத் தேடவேண்டிய நிலை.

1642இல் பெகு நாட்டுக்குப் போகும் வழியில் பிரெஞ்சு கப்புச்சின் துறவி எப்ராயீம் தெ நெவேர் இங்கே வந்து சேர்ந்தார். கோட்டையார் அவரைப் போகவிடவில்லை. புனித அந்திரேயா கோயில் கோட்டைக்குள்ளேயே எழுந்தது. சாந்தோமிலிருந்து குடும்பங்கள் கூட்டமாக இடம்பெயர்ந்தன. எப்ராயீம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தினார். ஆங்கிலேயர் வந்த பிறகு இந்த நகரத்தில் நடந்த முதல் பள்ளிகளில் அது ஒன்று.

சாந்தோமின் குருமாருக்கு இது பொறுக்கவில்லை. போர்ச்சுக்கல் மன்னரின் அனுமதி இல்லாத ஒரு பிரெஞ்சுக்காரர், மதவிரோதிகளின் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, தங்கள் மந்தையை மேய்ப்பதா? 1649இல் அவரைச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்து, கோவாவில் இருந்த மதவிசாரணை மன்றத்துக்கு அனுப்பினார்கள். கொள்கைப் பிழை என்று குற்றச்சாட்டு. ஏறத்தாழ இரண்டு ஆண்டு சிறை. அவரை விடுவிக்க நடந்த முயற்சிகளைப் பிரெஞ்சுப் பயணி தவர்னியே தம் நூலில் விவரமாகச் சொல்கிறார். கோல்கொண்டாவின் மீர் ஜும்லா சாந்தோமுக்கு நெருக்கடி கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது என்பது அவர் தரும் தகவல்.

இந்த ஆண்டுகளை இங்கிலாந்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 1649 ஜனவரியில் லண்டனில் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. ஆட்சிக்கு வந்தவர்கள் பியூரிட்டன்கள். கத்தோலிக்கத்தின் நிழலே ஆகாது என்றிருந்தவர்கள். அந்த அரசின் கீழிருந்த கம்பெனியின் ஊழியர்கள், சென்னையில் ஒரு கப்புச்சின் சாமியார் திரும்பி வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். எப்ராயீம் திரும்பி வந்து, ஆயுள் முழுக்க இங்கேயே ஊழியம் செய்து, அரை நூற்றாண்டுச் சேவைக்குப் பிறகு இந்த மண்ணிலேயே மறைந்தார். லண்டன் சட்டத்தின்படி குற்றவாளி, கோவா மன்றத்தின்படி மதவிரோதி. கோட்டையில் ஞானஸ்நானமும் கலியாணமும் நடத்திவைக்கும் மரியாதைக்குரிய சாமியார். மூன்று மைல் இடைவெளியில் ஒரே மனிதர்.

கோட்டைக்குள் எல்லோருக்கும் இது உவப்பாக இருக்கவில்லை. கவர்னர் லாங்ஹார்ன் கத்தோலிக்கக் கோயிலுக்கு மரியாதை வேட்டு முழங்கச் செய்ததைக் கண்டித்து, கோட்டைப் பாதிரியார் பாட்ரிக் வார்னர் 1676இல் லண்டனுக்குப் புகார் எழுதினார். அடுத்து வந்த கவர்னர் ஸ்டிரெயின்ஷாம் மாஸ்டர் பக்தியும் கண்டிப்பும் உள்ளவர். கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயத்தைக் கட்ட முன்னின்றவர் அவரே. 1680 அக்டோபர் 28ஆம் தேதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. வங்காளத்தின் ஹூக்ளிக்குச் சென்றிருந்தபோது, 1679இல் கம்பெனி ஊழியருக்கு அவர் எழுதிவைத்த விதிகளில் ஒன்று: தகுந்த காரணமின்றிப் பொது ஜெபத்துக்கு வராதவர் 12 பென்ஸ் கட்ட வேண்டும், பணம் ஏழைகளுக்குப் போகும். எலிசபெத் 1559இல் வைத்த அதே 12 பென்ஸ், 120 ஆண்டு கழித்து, கங்கைக் கரையில். அடுத்த ஆண்டே சென்னையில் இன்னொரு தீர்மானம். புராட்டஸ்டன்ட் ஒருவர் கத்தோலிக்கரை மணந்தால், பிறக்கும் பிள்ளைகளைப் புராட்டஸ்டன்டாகவே வளர்ப்போம் என்று இருவரும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். கத்தோலிக்கரைத் துரத்தவும் முடியாது, பெருகவிடவும் மனமில்லை என்ற இந்த நிலை எழுபது ஆண்டு நீடித்தது.

ஆர்மீனியர் இதற்குள் எப்படி வந்தார்கள்? 1688 ஜூன் 22ஆம் தேதி லண்டனில் கோஜா பானோஸ் காலந்தாரோடு கம்பெனி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கம்பெனியின் ஊர்களில் ஆர்மீனியர் ஆங்கிலேயரைப் போலவே வாழலாம், வணிகம் செய்யலாம், தங்கள் முறைப்படி வழிபடலாம். எங்கே நாற்பது பேர் சேர்கிறார்களோ அங்கே கம்பெனியே மரத்தால் கோயில் கட்டிக் கொடுத்து, ஏழு ஆண்டுக்குக் குருவுக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளமும் தரும். தங்கள் சொந்த நாட்டுக் கத்தோலிக்கருக்கு மறுத்ததை ஆர்மீனியருக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். பாரசீகத்தின் பட்டு வணிகம் அவர்கள் கையில் இருந்தது.

ஆர்மீனியத் திருச்சபை ரோமாபுரியோடு சேர்ந்ததல்ல. 451இல் கூடிய கால்சிடன் சங்கத்தின் தீர்மானத்தை ஏற்காமல் தனித்து நின்ற பழைய சபை அது. ஆனால் இஸ்பஹானை அடுத்த புதிய ஜூல்பாவில் சில வணிகக் குடும்பங்கள் கத்தோலிக்கராக மாறியிருந்தன. உஸ்கானின் குடும்பம் அவற்றில் ஒன்று. ஆக, சென்னையில் அவர் தம் இனத்தாரின் சபைக்கும் வெளியே, ஆள்வோரின் சபைக்கும் வெளியே. அவர் மனம் சென்றதெல்லாம் தோமையாரின் தலங்களுக்கு. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்கு நடப்பவர்கள் சைதாப்பேட்டையில் ஆற்றைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் அடையாறு பெருகினால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்த யாத்திரிகர்களுக்காகக் கட்டியதுதான் மர்மலாங் பாலம். ஆற்றைத் தாண்டி மலையடிக்குப் போய்ச் சேர்ந்தால், மேலே ஏற அவர் போட்ட படிகள். பாலத்தருகே அவர் வைத்த கல்லில் ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என மூன்று மொழிகளில் எழுத்து. அவர் குடியிருந்த ஊரை ஆண்டவர்களின் மொழியான ஆங்கிலம் அதில் இல்லை. பிறப்பால் ஆர்மீனியம், வணிகத்தால் பாரசீகம், வழிபாட்டால் லத்தீன் என்று தம்மை அவர் கல்லில் பொறித்துக்கொண்டதாகவே நான் அதைப் படிக்கிறேன்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர் உஸ்கானைப் போலவே கத்தோலிக்கர்கள். அவரைத் தம் பக்கம் இழுக்கப் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே முயன்றார். உஸ்கான் இணங்கவில்லை. தரங்கம்பாடிக்குப் போய்விட்டார். சென்னையில் இருந்த அவருடைய சொத்தைப் பிரெஞ்சுக்காரர் பறிமுதல் செய்தனர். மதம் ஒன்றாயிருந்தும் தம்மை வாழவைத்த ஊரின் பக்கமே நின்றார் அவர்.

எக்ஸ்-லா-ஷாப்பேல் உடன்படிக்கையின்படி 1749 ஆகஸ்டில் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. மூன்று ஆண்டு மனக்கசப்பு முழுவதும் கத்தோலிக்கர் மேல் இறங்கியது. கப்புச்சின் சாமியார்கள் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்று சந்தேகம். கடற்படைத் தளபதி பாஸ்கவன் சாந்தோமையும் கையகப்படுத்தினார். அங்கே இருந்த அந்தோனியோ தெ நொரோஞ்ஞா என்ற துறவி துய்ப்ளேயின் மனைவிக்கு உறவினர்; அவரைக் கைது செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். வெள்ளையர் பட்டணத்தில் கத்தோலிக்கருக்கு இடமில்லை என்றானது. எப்ராயீம் காலத்திலிருந்து நின்ற புனித அந்திரேயா கோயிலைப் பறித்துக்கொண்டு, 1752இல் இடித்தார்கள். இதில் குற்றமற்ற குடும்பங்கள் எத்தனையோ. கோட்டைக்குள் நூறாண்டாக வாழ்ந்து, கம்பெனிக்காகத் துப்பாக்கி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். சந்தேகம் தனிமனிதர் மேல் இல்லாமல் சமயத்தின் மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு யார்க் நகரத்துக்குப் போக வேண்டியதில்லை.

உஸ்கானுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அவருடைய விசுவாசத்தைக் கம்பெனி மறக்கவில்லை. 1751 ஜனவரி 15ஆம் தேதி அவர் காலமானார். இதயத்தைத் தனியே எடுத்து ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள். உடல் வேப்பேரியில், அவர் தம் செலவில் எழுப்பிய அற்புத மாதா சிற்றாலயத்தில் அடக்கமாயிற்று. அடுத்த ஆண்டே, 1752இல், அந்த ஆலயத்தைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து, புராட்டஸ்டன்ட் மிஷனரியான யோகான் பிலிப் பப்ரீசியுஸிடம் ஒப்படைத்தார்கள். பூசை நடந்த இடத்தில் ஆராதனை நடந்தது. தமிழுக்கு பப்ரீசியுஸ் செய்த தொண்டு பெரியது. அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பையும் 1779இல் வந்த அகராதியையும் குறைத்துச் சொல்ல முடியாது. வேப்பேரியில் அவர் பயன்படுத்திய அச்சு இயந்திரமே 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து எடுத்து வந்தது. இருந்தாலும், விலக்கு உயிரோடு இருக்கும்வரைதான் என்பதை உஸ்கானுடைய கல்லறை காட்டுகிறது. இன்றைக்குப் புனித மத்தியாஸ் ஆலயம் என்று வழங்கும் அந்த வளாகத்தில்தான் அது இருக்கிறது.

இங்கிலாந்தில் 1778, 1791 ஆண்டுச் சட்டங்கள் பிடியைத் தளர்த்தின. 1829இல் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் உட்காரும் உரிமை பெற்றார்கள். ரெக்யூசன்ட் என்ற சொல் அதன்பின் சரித்திரப் புத்தகங்களுக்குள் போய்விட்டது.

ஆனால் அடையாற்றங்கரையில் மறுப்பு இன்னொரு வடிவில் அப்போதுதான் தொடங்கியது. 1834இல் போர்ச்சுக்கல் தன் நாட்டில் துறவற சபைகளைக் கலைத்தது. ரோமாபுரியோடு உறவு முறிந்தது. 1838இல் போப் பதினாறாம் கிரகோரி ஓர் ஆணையால் மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் அதிகாரத்தை நீக்கி, மக்களை ரோம் நேரடியாக நியமித்த சென்னை ஆயரின் கீழ் வரச் சொன்னார். சாந்தோமையும் பரங்கிமலை, சின்னமலை போன்ற பழைய தலங்களையும் சார்ந்த குருமார்கள் போக மறுத்தார்கள். தங்களை நியமித்தது போர்ச்சுக்கல் மன்னர், அவர் சம்மதம் இல்லாத ஆணை செல்லாது என்பது அவர்கள் வாதம். கோவாப் பிளவு என்று அதற்குப் பெயர் வந்தது. மறுத்தவர்களைப் பிரிவினைக்காரர் என்று எதிர்த்தரப்பு எழுதியது. இங்கே ஒரு கிராமத்தில் ஒரே தெருவில் இரண்டு கத்தோலிக்கக் குருமார், ஒருவர் கொடுக்கும் திருவருட்சாதனம் செல்லாது என்று மற்றவர். போப்பை விட்டு விலக மறுத்ததற்காக இங்கிலாந்தில் அபராதம் கட்டியவர்களும், போப்பின் ஆணையை ஏற்க மறுத்ததற்காக இங்கே பழிக்கப்பட்டவர்களும் ஒரே சமயத்தார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1886இல் ரோமும் போர்ச்சுக்கலும் உடன்படிக்கை செய்துகொண்டன. மயிலாப்பூர் மறைமாவட்டம் மீண்டும் உயிர்பெற்றது. அதன் ஆயர் ஹென்ரிக் ரீட் த சில்வா காலத்தில்தான் இன்றைய சாந்தோம் பேராலயம் எழுந்தது. சென்னை தனி உயர் மறைமாவட்டமாக இயங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல், இரண்டையும் இணைத்து சென்னை–மயிலை உயர் மறைமாவட்டம் ஆக்கினார்கள். சின்னமலைக் கோயில் இன்று அதில்தான் சேர்ந்திருக்கிறது.

(தொடரும்)